சட்டமும் துணையும்
(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குலத்தின் பேரால் ஒரு சங்கம் கூடுமிடத்து மணவினையும் கல்வியுதவியும் பற்றிப் பேசுதலே வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, அமெரிக்க ஐக்கிய நாட்டு இரயில்வேத் தொழிலாளர், வேலையிடத்து நஞ்சினால் நோயுற்ற காலை எவ்வாறு நீதி பெற்றனர் என்பது. அயல்நாட்டுச் செய்தி நமக்கு எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். சங்கம் எதன்பொருட்டு என்னும் வினாவுக்கு அத்தொழிலாளர் தம் செயலால் விடை கூறியுள்ளனர்; ஆதலின் அது நமக்கும் உரியதே.

அந்நாட்டில் வண்டிகளை ஒன்றோடொன்று பிணைக்கும்பொழுது கையிழந்தோரும் உயிர் துறந்தோரும் முற்காலத்தில் மிகப் பலர். இவர்தம் தொழில் போர்க்காலத்து வீரனது தொழிலுக்கு ஒப்பான இடருடையது என்று குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் 1889-இலேயே இரங்கிக் கூறினார். 1908-இல் வேலையளிப்போரின் பொறுப்பைக் குறித்து ஒரு சட்டம் பிறந்தது. பிற தொழிலாளர்க்கு, தவறு எவருடையதென்று வினவாமலே வரையறுத்த ஈட்டுத்தொகை கிடைப்பது பெரும்பான்மை. இரயில்வேத் தொழிலாளியோ கம்பெனியின் கவனக்குறைவை மெய்ப்பித்தல் வேண்டும். மெய்ப்பிப்பின், ஜூரியார் அவனது இழப்பை அளந்து ஈடு வழங்குவர். இடர் உண்டென அறிந்தே வேலையில் அமர்ந்தான் என்று கம்பெனியார் கூறிவந்த சமாதானமும் 1939-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒழிந்தது.

ஆயினும், விபத்து கண்ணுக்குத் தெரியும், நஞ்சு தெரியாது. நீராவி எஞ்சினின் பாய்லரைச் சுற்றிப் பொதிந்த கல்நார், டீசல் எஞ்சினின் புகை, தண்டவாளத்தின் கீழுள்ள கட்டைகளுக்கு ஊட்டிய கிரியோசோட்டு எண்ணெய், சக்கரம் வழுக்காதிருக்கத் தூவும் மணலின் நுண்பொடி ஆகிய இவை நாடோறும் மூச்சோடும் தோலோடும் கலப்பன. கல்நாரால் வரும் நோய் முப்பது, நாற்பது ஆண்டு கழிந்தும் தோன்றும். டீசல் புகை மக்கட்குப் புற்றுநோய் விளைப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் முடிவு கட்டியது. சட்டமோ மூன்றாண்டுக்குள் வழக்கிடுக என்கின்றது. எந்நாள் தொட்டு எண்ணுவது?

இவ்வினாவுக்கு 1949-இல் உச்ச நீதிமன்றம் விடை தந்தது. யூரீ வழக்கு என்பது அதன் பெயர். ஏறக்குறைய முப்பது ஆண்டு நீராவி எஞ்சினில் ஃபயர்மேன் வேலை பார்த்த ஒருவர், பழுதுற்ற மணற்கருவிகளினின்று எழுந்த தூசியை உட்கொண்டு, சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் 1940-இல் வேலையை விட்டார். முதன்முதல் தூசி உட்புகுந்த நாளிலிருந்து காலத்தைக் கணக்கிட்டால், தன்னை நோய் பற்றியதையே அறியாதவன் உரிமையிழப்பான். அது சட்டத்தின் நோக்கமன்று என்றனர் நீதிபதிகள். தொழிலால் வரும் நோயும் அச்சட்டத்துள் அடங்கும் என்பதும் அன்றே நிலைபெற்றது. கம்பெனியின் தவறு தீங்குக்குச் சிறிதளவே காரணமாயினும் போதும் என்று 1957-இல் வேறொரு தீர்ப்பு கூறிற்று. எனினும், நஞ்சு படிந்தது என்னும் அளவே வழக்குக்குப் போதாது. நோயின் அறிகுறி இல்லாதான் தன் அச்சத்துக்கு ஈடு கேட்டல் இயலாது என்று 1997-இல் அம்மன்றமே வரம்பும் கட்டியது.

இவ்வளவும் ஏட்டில் உள்ள சட்டம். ஏட்டிலுள்ளது ஏழையின் வாயிலை அடைவது எவ்வாறு? படுக்கையிற் கிடப்பானிடம் கம்பெனியின் ஆள் இன்சொல்லோடு வந்து, சிறுதொகை காட்டிக் கையொப்பம் பெற்றுச் செல்வான். அவனுக்குத் தப்பினால், திறமையற்ற வக்கீலோ, விரைவில் முடித்துத் தன் பங்கைக் கொள்ளும் வக்கீலோ வாய்ப்பான். இதனைக் கண்ட இரயில்வேத் தொழிலாளர் சகோதர சங்கத்தார் 1930-இல் ஓர் ஏற்பாடு செய்தனர். நாட்டைப் பல வட்டாரங்களாகப் பகுத்து, வட்டாரந்தோறும் நாணயமும் திறமையும் உடைய வழக்கறிஞரைத் தேர்ந்தனர். அவரைக் கலவாது எவ்வுடன்பாட்டுக்கும் இணங்கற்க என்று உறுப்பினரை அறிவுறுத்தினர். இது வழக்குப் பிடிக்கும் குற்றம் என்று வர்ஜீனியா மாகாண வழக்கறிஞர் கழகத்தார் எதிர்த்தனர். உறுப்பினர் ஒருவர்க்கொருவர் இவ்வாறு வழிகாட்டுதல் அரசியற் சட்டம் அளித்த உரிமையே என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வழக்கறிஞர் ஊதியம் பெற்ற தொகையில் நூற்றுக்கு 25-க்கு மேற்படலாகாதென அச்சகோதர சங்கம் செய்த ஏற்பாட்டையும் 1971-இல் அம்மன்றம் காத்தது.

யாம் இலக்கணம் கற்பிப்போர். நூற்பா எத்துணைச் செவ்வியதாயினும், உரை சொல்லுவார் இன்றேல் மாணாக்கனுக்கு அது பூட்டிய பேழையே என்பதை நாடோறும் காண்கின்றோம். சட்டமும் அத்தன்மைத்தே. திறவுகோலை உரிய காலத்தில் உரியவன் கையிற் சேர்ப்பதே சங்கத்தின் பணி.

அந்நாட்டுச் சட்டம் நம்மை ஆள்வதன்று. அவ்வழிகாட்டும் முறைமையோ எந்நாட்டார்க்கும் பொது. நம் பிள்ளைகளும் பட்டறையிலும் ஆலையிலும் பணிபுரிகின்றனர். ஆதலின் மூன்று செயல்களை இச்சபையின்முன் வைக்கின்றோம். எவ்விடத்தில், எத்தனை ஆண்டு, எப்பொருளோடு வேலை செய்தோம் என்பதை ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. நோயுற்றவழி, தம் தொழில் இன்னதென மருத்துவர்க்குத் தவறாது சொல்லுக. சங்கத்தார் நம்பத்தக்க வழக்கறிஞர் சிலரைத் தேர்ந்து அவர் பெயர்களை அலுவலகத்தில் வைக்க. அவருள் ஒருவரைக் காணுமுன் எத்தாளிலும் கையொப்பமிடற்க என்று வீடுதோறும் அறிவிக்க. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஊக்கமுடைய நால்வர் போதும். அந்நால்வரை இன்றே தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்று கேட்டு அமர்கின்றோம்.