உப்புக் காற்றில் ஒரு மடக்குக் கத்தி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், "நம்ம பராமரிப்பு ஆட்களுக்கு ஒழுங்கான கத்தி வாங்கித் தரணும்" என்று நான் ஒரு வரி சொன்னேன். சிலர் சிரித்தீர்கள். செயலாளர் மட்டும், "அடுத்த தடவை நீங்களே பத்து நிமிஷம் விளக்கமாச் சொல்லுங்க" என்றார். அதனால்தான் இன்றைக்கு நிற்கிறேன். கத்தியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு, முதலில் ஒரு ராத்திரியை ஞாபகப்படுத்துகிறேன்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்த ராத்திரி. மரக்காணத்தில் இருந்த யாருக்கும் அது மறக்காது. நம் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் கிழிந்து, அதன் நைலான் கயிறு கீழ்த்தளத்துக் கம்பிக் கதவில் சுற்றிக்கொண்டது. காற்று தார்ப்பாயை இழுக்க இழுக்க, முடிச்சு இறுகிக்கொண்டே போனது. உள்ளே முழங்கால் வரை தண்ணீர், இரண்டு வயதானவர்கள். கயிற்றை அறுத்தால்தான் கதவு திறக்கும்.

நம் காவலாளி அண்ணன் இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். அது திறக்கவில்லை. கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது. சாவியை நுழைத்து நெம்பித் திறந்தார். பாதிக் கயிறு அறுந்திருக்கும், பூட்டு நழுவி அலகு மடங்கிவிட்டது. அவருடைய வலது ஆள்காட்டி விரலில் தசைநார் வரை வெட்டு. கடைசியில் மூன்றாம் மாடியிலிருந்து யாரோ கொண்டுவந்த காய்கறிக் கத்திதான் கயிற்றை அறுத்தது. வயதானவர்கள் பத்திரமாக மேலே வந்தார்கள். அண்ணனுடைய விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

அந்தக் கத்தியை 2023 தீபாவளிக்கு அவருக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்தது நான். முப்பது வருஷம் பட்டறையில் இரும்போடு புழங்கியவன். ஆன்லைனில் நட்சத்திரம் பார்த்து, கறுப்புப் பூச்சின் அழகைப் பார்த்து வாங்கினேன். அண்ணன் முன்பு உப்பளத்தில் வேலை பார்த்தவர். கையில் வாங்கியபோதே, "நல்லாருக்கு சார். ஆனா இங்க இரும்பு நிக்காதே" என்றார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உப்பளத்தில் உப்பு வாருகிற பலகை ஏன் இன்னும் மரத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும்.

சரி, இங்கே ஏன் இரும்பு நிற்பதில்லை? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கெடுதல் செய்வது உப்பு மட்டும் இல்லை, அது இழுத்துவைத்துக்கொள்ளும் ஈரம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாக நீர்விட ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதம் போதும். உங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்து நிற்பது இதனால்தான். அதே உப்புத்தூள் கத்தியின் கீலுக்குள் போய் உட்கார்ந்தால், நம் ஊர் ஈரத்தில் அது அநேகமாக எந்நாளும் காயாது. மழைநீர் காய்ந்துவிடும். உப்பு ஈரம் போகாது.

இனி, கத்தி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது உருக்கு. துருப்பிடிக்காத எஃகு என்றால் அதில் குரோமியம் இருக்கிறது என்று அர்த்தம். குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். அந்தக் குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காவல் நிற்கிறது. கீறினாலும் தானே மறுபடி படரும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அதனால் எவர்சில்வர் என்று எழுதியிருந்தாலே நம் ஊருக்குப் போதும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் கரிமம். கூர் நிற்க வேண்டுமானால் கரிமம் வேண்டும். ஆனால் கரிமம் அதிகமானால் அது குரோமியத்தைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும், காவலுக்கு மிஞ்சுவது குறையும். நான் வாங்கியது டி2 என்ற வகை. அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, கூடவே 1.5 சதவீதம் கரிமம். காகிதத்தில் பார்த்தால் நல்ல எண்கள். கூர் நன்றாக நிற்கும் என்று புகழ்வார்கள், அது பொய்யும் இல்லை. வறண்ட ஊரில் அது நல்ல கத்தி. இங்கே துருப்பிடிக்கும். கறுப்புப் பூச்சு காப்பாற்றும் என்று நினைத்தேன். தீட்டுகிற இடத்தில் பூச்சு இருக்காது, கீலில் உரசி உரசிப் போய்விடும். காப்பு தேவைப்படும் இரண்டு இடங்களிலும் அது இல்லை.

நமக்கு ஏற்றது கரிமம் 0.6 சதவீதத்தை ஒட்டியும், குரோமியம் 13, 14 சதவீதமும் உள்ள வகைகள். கத்தியிலோ பெட்டியிலோ 12சி27, 14சி28என் என்று போட்டிருப்பார்கள். கரிமம் இன்னும் குறைவான 420எச்சியும் பரவாயில்லை. அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கரிமத்துக்குப் பதில் பெரும்பாலும் நைட்ரஜன் சேர்த்த எச்1, எல்சி200என் போன்றவை கடல்வேலைக்காகவே பேர்போனவை. உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் துருப்பிடிப்பது அபூர்வம். விலைதான் எட்டாது.

இங்கே ஒரு தவறான சோதனையையும் சொல்லிவிடுகிறேன். காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்று பாத்திரக்கடையில் சொல்வார்கள். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள பாத்திரத்துக்கு அது சரி. ஆனால் அந்த எஃகைக் காய்ச்சித் துவைத்துக் கடினமாக்க முடியாது. கத்திக்குக் கடினம் வேண்டும் என்பதால் வேறு வகை எஃகு, அதில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். காந்தத்தை வைத்துப் பார்த்து நல்ல கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

எஃகுக் கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. பழைய தென்னார்க்காட்டில் மேல்சிறுவலூரில் மூசையில் உருக்கிய உயர்கரிம எஃகின் தடயங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்திருக்கிறார். வூட்ஸ் என்று உலகம் சொன்ன அந்த இந்திய உருக்கைத்தான் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து 1820 வாக்கில் ஆராய்ந்தார். உருக்கோடு வேறு உலோகங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், குரோமியம் உட்பட. ஷெஃபீல்டில் ஹாரி ப்ரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தது 1913இல்.

இரண்டாவது பூட்டு. சிறிய பேனாக்கத்திகளில் பூட்டே கிடையாது, முதுகில் உள்ள வில் மட்டும் அலகைப் பிடித்திருக்கும். பழம் நறுக்க, கவர் பிரிக்க அது போதும். அழுத்தி அறுக்கும் வேலைக்குப் பூட்டு கட்டாயம். நான் வாங்கியது லைனர் லாக். கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். சுத்தமாக இருந்தால் நல்ல பூட்டு. அந்தத் தடத்தில் உப்பும் மணலும் துருவும் சேர்ந்தால் தகடு முழுசாக நகராது. ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும். பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும். அண்ணன் விரலை வெட்டியது அந்த அரைகுறைப் பூட்டுதான்.

முதுகில் கொக்கி விழும் பேக் லாக் நம் வேலைக்கு மேல் என்பது என் கருத்து. கொக்கி பள்ளத்தில் விழுந்ததா இல்லையா என்று கட்டைவிரலாலேயே இருட்டில் தடவித் தெரிந்துகொள்ளலாம். பிரான்சின் ஓபினல் கத்தியில் வளையத்தைத் திருகிப் பூட்டும் முறை 1955இலிருந்து இருக்கிறது. எளிமையானது, கண்ணுக்குத் தெரியும் பூட்டு. ஆனால் அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதி, அலகை இறுக்கிக்கொள்ளும். நம் மழைக்காலத்துக்கு ஒத்துவராது. பிடி நார் கலந்த நைலானாகவோ கண்ணாடியிழைப் பலகையாகவோ இருக்கட்டும்.

கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு விரல்கள் அலகின் பாதையில் வராதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பூட்டு கொஞ்சம் இளகினாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது அளவும் வடிவமும். அலகு 8 சென்டிமீட்டர் போதும், முதுகுத் தடிமன் 3 மில்லிமீட்டர். நைலான் கயிறு, உப்புச் சாக்கு, மீன்வலை அறுக்க, அலகின் அடிப்பாதி ரம்பப் பல் மாதிரி இருந்தால் வேலை சுளுவாக நடக்கும். முனை கூராக இல்லாமல் மழுங்கி இருப்பது நல்லது. ஆடும் படகில் யாரையும் குத்திவிடக் கூடாது என்று கடலோடிகள் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். கீல் திருகாணியால் பூட்டியதாக இருக்க வேண்டும், ரிவெட் அடித்தது வேண்டாம். கழற்றிக் கழுவ முடியாத கத்தி இந்த ஊரில் ஒரு வருஷம்தான்.

நான்காவது பராமரிப்பு. உப்புத் தண்ணீர் பட்ட அன்றே நல்ல தண்ணீரில் திறந்தும் மூடியும் அலசி, துடைத்து, கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசினாகிவிடும். மாதம் ஒரு தடவை சாணைக்கல்லில் தீட்டல். மழுங்கிய கத்திக்குத்தான் அழுத்தம் அதிகம் கொடுப்போம், விபத்தும் அதில்தான் வரும்.

ஐந்தாவது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பது. எவ்வளவு விலை கொடுத்தாலும் மடக்குக் கத்தி நடுவில் ஒடிந்து, ஒட்டவைத்த கத்திதான். நெம்புவதற்குக் கடப்பாறையும் ஸ்க்ரூடிரைவரும், கிளை வெட்ட அரிவாளும் இருக்கின்றன. அந்த வேலைகளை இதனிடம் கேட்கக் கூடாது.

சட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை நீங்கலாக. நாம் பேசுவது அதில் பாதி நீளம்கூட இல்லை. ஆனாலும் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டாம். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். திருவிழாக் கூட்டத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் கருவிப் பெட்டியில் இருக்கட்டும்.

கடைசியாக என் கோரிக்கை. காவலாளிகள் இருவர், பிளம்பர், தோட்டக்காரர் என நான்கு பேருக்கு நான்கு மடக்குக் கத்திகள், ஒரு சாணைக்கல், ஒரு எண்ணெய்க் குப்பி சங்கப் பணத்தில் வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு நாள், நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டைச் சோதிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். கீழ்த்தளக் காவல் அறையில் கயிறு அறுக்க என்றே மடங்காத கத்தி ஒன்றும் உறையோடு சுவரில் தொங்கட்டும்.

எந்தக் கத்தி என்று முடிவு செய்யும்போது அண்ணனையும் கூப்பிட்டுக் கேட்போம். போன தடவை அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. கையில் பிடிக்கப் போகிறவர் அவர்தான். அந்த விரலுக்கு எந்தப் பிடி ஒத்துவரும் என்று அவருக்குத்தான் தெரியும்.