'நாட்' படுத்திய பாடு
(பழைய மாணவர் கூட்டத்தில் பேசியது)



எனக்கு ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன். அது 'நாட்'.

நான் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன். டிகிரி முடித்ததும் முதல் இன்டர்வியூ. "டோன்ட் யு நோ டைப்பிங்?" என்று கேட்டார் அதிகாரி. எனக்கு டைப்பிங் தெரியாது. பணிவாக, "எஸ் சார்" என்றேன். உடனே ஒரு டைப்ரைட்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டார்கள்! விழித்தேன். "பொய் சொல்லி வேலை வாங்கலாம்னு பார்த்தியா?" என்றார். வேலை போனதுகூடப் பெரிதில்லை. 'பொய்யன்' என்ற சொல்தான் வலித்தது. நான் பொய்யே சொல்லவில்லையே!

நடந்தது இதுதான். 'தெரியாதா?' என்று தமிழில் கேட்டால், 'ஆமாம், தெரியாது' என்போம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். ஜப்பானியரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும் தெரிந்தால் 'எஸ்', தெரியாவிட்டால் 'நோ'. அவ்வளவுதான்.

'இது வீடு அல்ல', 'அவன் வீட்டில் இல்லை' என்று நாம் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். இரண்டுக்கும் அவர்களுக்கு 'நாட்' ஒன்றே போதும். 'எதுவுமே இல்லை' என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல் ஒன்று தேய்ந்து வந்ததே இந்த 'நாட்'. ஆனால் பக்கத்துச் சொல் மாறினால் பொருளும் மாறிவிடும். மாத்திரையைப் பற்றி டாக்டர் 'நீட் நாட்' என்றால் சாப்பிட வேண்டியதில்லை. 'மஸ்ட் நாட்' என்றால் சாப்பிடவே கூடாது. இதில் தடுமாறினால் உயிருக்கே ஆபத்து.

மாணவச் செல்வங்களே, 'எஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். "நோ சார், ஐ டோன்ட்" என்று சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். தெரியாது என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

பழைய நண்பர்களே, இன்று உங்களில் பலர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறீர்கள். எதிரே ஒரு கிராமத்துப் பையன் நடுங்கிக்கொண்டே "எஸ் சார்" என்றால், கேள்வியை மாற்றி இன்னொரு தடவை கேளுங்கள். அவன் பொய்யனாக இருக்கமாட்டான். தமிழனாக இருப்பான்.