லீவு பிச்சையா, பாக்கியா?

சம்பளத்தோடு லீவு என்றால் அது முதலாளி இடும் பிச்சை என்றோ, மேஸ்திரியின் தயவு என்றோ நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது சென்ற வருஷம் நீங்கள் சிந்திய வேர்வைக்கு வரவேண்டிய பாக்கியே ஒழிய வேறல்ல.

கணக்கு என்ன பெரிய வேதமா? 20 நாள் வேலைக்கு ஒரு நாள். 260 நாள் உழைத்தவனுக்கு 13 நாள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி வருஷத்தில் 240 நாள் உழைத்திருக்க வேண்டியிருந்தது. 2020-ல் செய்த சட்டம் அதை 180 ஆகக் குறைத்தது.

நடுவே வரும் ஞாயிற்றுக்கிழமையையும் அந்த 13-ல் குமாஸ்தா கழிப்பாரானால் விடாதீர்கள்; விடுமுறை நாள் லீவில் சேராது. இடையில் வேலையை விட்டு நீக்கினாலோ? உழைத்த நாளுக்குரிய லீவுச் சம்பளத்தைக் கொடுத்தே தீரவேண்டும். தொழிலாளி இறந்து போனால் அவனது வாரிசு அதைக் கேட்டு வாங்கலாம்.