ஒலுவில் கரையிலிருந்து 2022ஆம் ஆண்டு
(உழவரும் கற்றோரும் கூடிய அவையொன்றில் ஆற்றிய உரையின் வாசகம்)

  

ஒரு நாட்டின் வாழ்வில் சில ஆண்டுகள் கணக்குத் தீர்க்கும் ஆண்டுகளாக வந்து வாய்க்கின்றன. இலங்கைக்கு 2022 அத்தகைய ஆண்டு. அவ்வாண்டை ஒலுவில் துறைமுகத்தின் கல்லணைமீது நின்று நோக்குமாறு உங்களை அழைக்கின்றோம்.

நிகழ்ந்தவற்றை முதலில் நினைவூட்டுவோம். 2021 ஏப்ரல் இறுதியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அது நீங்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது; பசளையின்றி வாடிய பயிரின் பலனை 2022இல் குன்றிய விளைச்சலாக உழவர் கண்டனர். ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. சுதந்திரம் பெற்ற நாள்முதல் நம் நாடு காணாத நிலை அது. உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை. படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது.

காலிமுகத்திடலில் ஏப்ரல் 9இல் கூடிய மக்கள் கலைந்தாரில்லை. மே 9இல் பிரதமர் மகிந்த ராசபக்ச பதவி துறந்தார். சூலை 9இல் மக்கள் சனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். 13ஆம் நாள் கோத்தாபய நாட்டைவிட்டு நீங்கினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி துறந்தார். 20ஆம் நாள் பாராளுமன்றம் 134 வாக்குகளால் இரணில் விக்கிரமசிங்காவைச் சனாதிபதியாகத் தெரிந்தது.

ஆள் மாறியது, கணக்குத் தீர்ந்ததா? இதற்கு விடை காணவே உங்களை இக்கரைக்கு அழைத்தோம்.

1994இல் துறைமுக அமைச்சரான எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள், தென்கிழக்கு மக்களுக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு துறைமுகமும் வேண்டுமென எண்ணினார். பல்கலைக்கழகம் அவர் காலத்திலேயே ஒலுவிலில் எழுந்தது. 2000 செப்டெம்பர் 16இல் அவர் மறைந்தார். துறைமுக வேலை 2008இல் டென்மார்க்கின் கடனுதவியுடன் தொடங்கியது. கடன் ஏறத்தாழ 4 கோடியே 60 லட்சம் யூரோ. 2013 செப்டெம்பர் 1இல் அப்போதைய சனாதிபதி மகிந்த ராசபக்ச அதனைத் திறந்துவைத்தார்.

பின்பு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வணிகக் கப்பற் போக்குவரத்து இங்கு நிலைகொள்ளவில்லை. இக்கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயற்கை. கல்லணை அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயில் தூர்ந்தது. மணல் வரத்தற்ற வடகரையைக் கடல் அரித்தது. தென்னைகள் சாய்ந்தன, காணிகள் கரைந்தன. வாயிலை அகழ்க என்றனர் மீனவர். கரையை முதலிற் காக்க என்றனர் காணி இழந்தோர். இருசாராரும் நம்மவரே, இருவர் குறையும் உண்மையே. அவர்களை எதிரெதிரே நிறுத்திய திட்டத்துக்கு விடைசொல்ல ஒருவரும் முன்வந்தாரில்லை.

அன்பர்களே! கடன் வாங்குவோர் ஒருவர். திறப்புவிழாவிற் பொன்னாடை பெறுவோர் ஒருவர். இழப்பைச் சுமப்போர் வேறொருவர். 2022இல் நாடு முழுவதும் கற்ற பாடத்தை ஒலுவில் முன்பே கற்றிருந்தது.

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். 2020 அக்டோபரில் சனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்த 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. அவற்றுள் கிழக்கின் முஸ்லிம் மக்கள் அனுப்பிய உறுப்பினர் சிலரின் வாக்குகளும் இருந்தன. அதே காலத்தில் கொரோனாவில் இறந்தோரின் உடல்கள், மார்க்கம் விதித்த அடக்கம் மறுக்கப்பட்டு எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 2022 அக்டோபரில் 21ஆவது திருத்தம் அவ்வதிகாரத்திற் சிறிது குறைத்தது. ஆயினும் அன்றைய வாக்குக்கு யாது காரணமெனக் கேட்கும் உரிமை மக்களுக்கு என்றும் உண்டு.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. கரையோரத் திட்டம் எதுவாயினும் மணலின் போக்கை ஆராய்ந்த அறிக்கை, வேலை தொடங்குமுன் தமிழில் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். காணி இழந்தோர்க்கும் தொழில் இழந்தோர்க்கும் ஒருங்கே பரிகாரம் வேண்டும். நம் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் தம் வாக்குகளுக்கு ஊர்ச்சபையிற் கணக்குக் காட்டல் வேண்டும்.

வயலில் வரம்பு உடைந்தால் உழவன் அடுத்த மழைவரை காத்திரான். பொதுவாழ்வின் வரம்பையும் அவ்வாறே கட்டுவோமாக!