கோல்கொண்டாவைக் கட்டிய தச்சர்



வல்லத்திலிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி செல்வோர் பலர். ஆயினும் அங்கே அரவிந்தர் ஆசிரமத்திற்குரிய கோல்கொண்டா என்னும் விடுதியின் முன் நின்று நோக்குவோர் சிலரே. டோக்கியோவில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட் வரைந்த அக்கட்டடத்தை எழுப்பும் பொறுப்பேற்று 1937இல் வந்தவர் ஜார்ஜ் நகஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய மரபினர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். பெருநகரங்களில் பேரும் பொருளும் ஈட்டத் தக்க கல்வி அது.

வந்தவர் ஊதியம் வேண்டாவென்றார். அடியவராயினார், சுந்தரானந்தா என்னும் பெயரும் பெற்றார். உடன் உழைத்தோருள் பலர் கட்டடத் தொழிலறியா ஆசிரமவாசிகள். ஆங்கு விரைவுக்கு இடமில்லை, செம்மைக்கே இடம். சன்னலும் சுவருமாய் ஒருங்கே நிற்கும் அசையும் பலகைகள் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. கூரையோ இரட்டைக் கூரை. இடையே ஓடும் காற்று வெப்பத்தைத் தணிக்கிறது. அறைக்கதவுகள் தேக்கினாலானவை. மின்குளிர்ச்சி இன்றியே வாழத்தக்க இல்லம். நம் வட்டாரத்து வெயிலை அறிந்தவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை!

1939இல் நகஷிமா புதுச்சேரியை நீங்கினார். பணியைத் தொடர்ந்தவர் செக் நாட்டவரான சம்மர்; அவரும் 1942இல் போர்ப்பணிக்குச் சென்றார்.

அவ்வாண்டிலேயே, பிறந்த நாடே நகஷிமாவை மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைத்தது. ஜப்பானிய மரபினர் என்பதன்றி வேறு குற்றமில்லை. அம்முகாமிலும் ஒரு தச்சரிடம் உளிபிடிக்கக் கற்றார். 1943இல் அவரை வெளிக்கொணர்ந்து, நியூ ஹோப்பிலிருந்த தம் பண்ணையில் இடமளித்தவர் பழைய தலைவர் ரேமண்டே. அதன்பின் நகஷிமா கட்டட அலுவலகத்திற்குத் திரும்பவில்லை. வரைபவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்னும் பிரிவினை அவர்க்கு ஒவ்வவில்லை, மரத்தச்சரானார். தொழிலைத் துறந்தார் என்பர். துறவன்று, வரைகோலையும் உளியையும் ஒரே கையில் சேர்த்துக்கொண்டார் எனல் தகும். வெடிப்புள்ள மரத்தையும் அவர் தள்ளவில்லை; வெடிப்பின் மேல் வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையை இழைத்துப் பிணைத்து, அதனையே அழகாக்கினார்.

கண்டந்தோறும் ஓர் அமைதி மேசை வேண்டும் என்பது அவர் கனவு. 1990இல் மறைந்தார். மகள் மீராவின் பொறுப்பிலிருந்த பட்டறையில் உருவான மேசை 1996இல் ஆரோவில் வந்தது. சுந்தரானந்தா விட்டுச்சென்ற மண்ணுக்கு அருகே, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், அது இருக்கிறது.