உ.வே.சா. தம் கதையைச் சொன்ன விதம்



1940 ஜனவரியில் 'ஆனந்த விகட'னில் ஒரு தொடர் ஆரம்பமாயிற்று. எழுதியவருக்கு 85 வயது நிறையும் தறுவாய். மகாமகோபாத்தியாயர், டாக்டர் என்று பட்டங்கள் வந்து சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர்தான் அவர். தொடருக்கு 'என் சரித்திரம்' என்று பெயர் வைத்தவர், முதலில் தம் ஊரைத்தான் முன்னே நிறுத்துகிறார். ஏகாதசி என்பதை மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், அதற்குப் பிராயச்சித்தமாக வீடும் நிலமும் தானம் செய்ய, உத்தமதானபுரம் உண்டான கதை அது.

சொந்த அனுபவத்தை எழுதுகிறவர்கள் தடுமாறுவது தங்களுக்கு நேர்ந்த சறுக்கலைச் சொல்லும்போதுதான். ஒன்று மறைத்துவிடுவார்கள், இல்லையென்றால் அழுது தீர்த்துவிடுவார்கள். ஐயர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியாருக்கு அதில் வியப்பே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார்.

ஐயர் படித்ததில்லை.

இந்தக் கட்டத்தின் உயிர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நிறையப் படித்திருந்ததாக ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தால் நமக்கு ஒன்றும் உறைத்திருக்காது. ஒவ்வொரு வகையிலும் இத்தனை இத்தனை என்று எண்ணிச் சொல்லும்போது 25 வயது இளைஞரின் பெருமிதம் நம் கண்முன்னே ஏறுகிறது. நன்றாக ஏறிய பிறகே கேள்வி வந்து விழுகிறது. கேட்டவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. தம்மைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பியவர் என்று நன்றியோடு நினைக்கிறார். சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாக 1887இல் வெளிவந்தது.

தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தெய்வமாகப் போற்றியவர் ஐயர். ஆனாலும், மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் சங்கீதம் கற்றது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்பதையும், அதனால் அதை நிறுத்த நேர்ந்ததையும் எழுதாமல் விடவில்லை. பக்தியும் உண்மையும் ஒரே பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் அரிது.

தொடர் முடியுமுன்பே, 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது, 1950இல் நூலாக வந்தது. உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு கட்டுரை எழுத நினைத்தால், இந்த நூலில் 'என்ன பிரயோசனம்?' என்ற அத்தியாயத்தை மட்டுமாவது முதலில் படித்துவிட்டு உட்காருங்கள்.