"நானே": ஒரு படி கீழே நிற்கிற அப்பா

இந்த வாரம் சாஃப்ட்வேர் பேச்சு இல்லை. என் பொண்ணோட செருப்பைப் பத்திப் பேசப்போறேன்.

அவளுக்கு இரண்டு வயசு முடிஞ்சு இரண்டு மாசம் ஆகுது. இப்போதைக்கு அவளுக்குப் பிடிச்ச வார்த்தை "நானே". சோறு ஊட்டப் போனா நானே. லைட் சுவிட்சைப் போட்டா, அதை அணைச்சுட்டு மறுபடி போடணும், நானே. செருப்பு மாட்டப் போனா காலை இழுத்துக்கிட்டு, நானே.

வாரத்துல மூணு நாள் எனக்கு சென்னையில ஆபீஸ். அரக்கோணத்துல இருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்த மூணு நாளும் அவ எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி கிளம்பறேன், அவ தூங்கினப்புறம் வர்றேன். மிச்ச நாள்ல அவளுக்குச் செருப்பு மாட்டிவிடறது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. அந்தச் சின்னப் பாதத்தைக் கையில பிடிக்கிற அரை நிமிஷத்துக்காகத்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை அவ "நானே நானே"ன்னு கத்திக்கிட்டு இருக்கும்போதே, காலைப் பிடிச்சு இரண்டு செருப்பையும் மாட்டிவிட்டுட்டேன். தரையில விழுந்து அழுதா. உள்ளே இருந்து வந்த எங்கம்மா, "இன்னாடா அவசரம் உனக்கு? எந்த டிரெயின் போவுது?"ன்னு கேட்டாங்க. எந்த டிரெயினும் போகலை. அவளுக்கு நான் தேவைப்படணும்னு எனக்கு ஆசை. அவ்வளவுதான் விஷயம். குழந்தை தானா ஒண்ணு செய்யும்போது பெருமையா இருக்கு. அதே நேரம், என்கிட்ட இருந்து எதையோ பிடுங்கிக்கிட்ட மாதிரியும் இருக்கு. இது எனக்கு மட்டும்தானான்னு யோசிச்சப்போ பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது.

ஸ்கூல்ல பத்துப் பருவத்தையும் மனப்பாடம் பண்ணியிருப்போம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, இந்த ஏழும் ஆண், பெண் குழந்தைகளுக்குப் பொது. கடைசி மூணு மட்டும் மாறும். அந்த வரிசையை இப்போ ஒரு அப்பாவா பார்த்தா வேற ஒண்ணு தெரியுது. காப்புப் பருவத்துல குழந்தைகிட்ட எதையும் கேட்கிறதில்லை. "இந்தக் குழந்தையைக் காப்பாத்துங்க"ன்னு தெய்வங்களைத்தான் கேட்கிறாங்க. தால்ல தாலாட்டு. சப்பாணியில கை தட்டச் சொல்லி குழந்தைகிட்ட கேட்கிறாங்க. முத்தப் பருவத்துல, கொடுன்னு கேட்கணும். ஏறக்குறைய ஒரு வயசுல வர்றது வருகை. அதுல, வான்னு கேட்கணும்.

இடுப்புல இருக்கிற குழந்தையை யாரும் வான்னு கூப்பிடறதில்லை. கொஞ்சம் தள்ளிப் போன குழந்தையைத்தான் கூப்பிட முடியும். கூப்பிட்டா, வரமாட்டேன்னு சொல்ற உரிமையும் அதுக்கு வந்துடுது. பெத்தவங்க கெஞ்சற இந்த நிலைமை ஒண்ணும் புதுசில்லை.

பிள்ளைத்தமிழ் தனி இலக்கியமா உருவாகறதுக்கு முன்னாடியே பெரியாழ்வார் யசோதையா மாறிக் கண்ணனைப் பாடினார். அவர் பாசுர வரிசையில தளர்நடைக்கு அடுத்து வர்ற இரண்டு பதிகங்களைப் பாருங்க. ஒண்ணு, குழந்தை ஓடி வந்து முன்னால கட்டிக்கிறது. இன்னொண்ணு, பின்னால வந்து முதுகைக் கட்டிக்கிறது. நடக்கக் கத்துக்கிட்ட உடனே, திரும்பி வர்றதைப் பாடியிருக்கார்.

1954, 55ல மேரி எயின்ஸ்வொர்த்னு ஒரு உளவியலாளர் உகாண்டாவுல, கம்பாலா பக்கத்துக் கிராமங்கள்ல வீடு வீடாப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் கவனிச்சாங்க. தவழற குழந்தை அம்மாவை விட்டு நகர்ந்து போகும், எதையாவது பார்க்கும், அப்பப்போ அம்மாகிட்ட திரும்பி வந்துட்டு மறுபடி போகும். அம்மா அங்கேயே இருக்காங்கன்ற தைரியத்துலதான் தள்ளிப் போகுதுன்னு அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க. அப்படின்னா, குழந்தை நம்மளை விட்டுத் தள்ளிப் போறது நம்ம தோல்வி இல்லை.

இதெல்லாம் வீட்டுல உட்கார்ந்து பேச நல்லா இருக்கு. போன மாசம் திருத்தணி போனோம். நம்ம ஊர்ல இருந்து பக்கம்தான். மலைக்கு மேல வரைக்கும் ரோடு இருக்கு, ஆனா படியேறணும்னு என் மனைவிக்கு வேண்டுதல். மொத்தம் 365 படி. முருகன் கோபம் தணிஞ்ச இடம்னு சொல்லுவாங்க. எங்க பாப்பாவுக்கு அங்கேதான் கோபம் வந்தது. தூக்கப் போனா, நானே.

படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வச்சுக்கிட்டே வந்த ஒரு ஆயா சொன்னாங்க: "உட்ரு நைனா, ஏறட்டும். நீ பின்னாடி நில்லு, போதும்."

அது நல்ல யோசனைதான். குழந்தை படி ஏறும்போது நாம பின்னாடி, ஒரு படி கீழே வரணும். இறங்கும்போது அதுக்கு முன்னாடி, அப்பவும் ஒரு படி கீழே. இரண்டுலயும் நம்ம இடம் கீழ்ப்படிதான். விழுந்தா பிடிக்கலாம், விழாத வரைக்கும் கை வைக்கத் தேவையில்லை.

எல்லா இடத்துலயும் இப்படி விட முடியாது. அரக்கோணம் ஜங்ஷன் பிளாட்ஃபார்ம்ல அவ கையை நான் விடமாட்டேன். எவ்வளவு அழுதாலும் சரி. ஆனா செருப்பு பிளாட்ஃபார்ம் இல்லையே. அந்த வித்தியாசத்தைத்தான் நான் கத்துக்க வேண்டியிருந்தது.

எழுபது, எண்பது படி தானே ஏறினா. அப்புறம் நின்னு, திரும்பி, இரண்டு கையையும் தூக்கினா. தூக்கிக்கிட்டேன். பத்துப் படி போனதும் மறுபடி இறங்கணும்னா. இறக்கிவிட்டேன். கஷ்டமா இருந்ததான்னு கேட்டா, ஆமா, கொஞ்சம் இருந்தது.

சாமி பார்த்துட்டுக் கீழே வந்தோம். செருப்பை எடுத்து அவ முன்னாடி வச்சுட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். பஸ் கிளம்பத் தயாரா இருந்தது. அவ மாட்டி முடிக்கிறதுக்குள்ள அது போயிடுச்சு. இடது கால் செருப்பு வலது கால்ல இருந்தது. அப்படியே அடுத்த பஸ் ஏறினோம்.

உங்க வீட்டு "நானே" கதை ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.